எம். புதுப்பட்டி டாட் பிடிஎஃப்

தீபாவளிக்கு முன்பாக ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டின் மாவட்ட நிர்வாகங்கள் ஓர் அறிவிப்பு வெளியிடும். தற்காலிகப் பட்டாசுக் கடை போட விரும்புகிறவர்கள் இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி இது, இணைக்க வேண்டியவை இவை என்று. பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. ஏஇ-5 படிவம், கடை அமையும் இடத்தின் வரைபடம், சொந்த இடமென்றால் பட்டா அல்லது பத்திரம், வாடகை இடமென்றால் ஒப்பந்தம், வரி ரசீது, கட்டணம் கட்டிய சீட்டு, அடையாள அட்டை, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம்.

சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டியிலிருந்து ஒருவர் இந்தக் காகிதக் கட்டோடு மையத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினித் திரையில் இருப்பது 'கோப்பைத் தேர்வு செய்க' என்ற ஒரு பொத்தான். மற்றதெல்லாம் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரின் தலைக்குள் இருக்கிறது. "அண்ணாச்சி, வரைபடம் ரொம்பப் பெருசா ஸ்கேன் ஆயிருக்கு, ஏறாது. கொறச்சுத் தாரேன். இந்த ரசீது போன வருசத்தோடது, வீட்ல புதுசு இருக்கும் பாருங்க." இப்படி நாலு வார்த்தை சொல்லித்தான் அவர் வேலையை முடிக்கிறார். எந்தக் கோப்பு எங்கே போகும், எது போகாது, போகாவிட்டால் என்ன செய்வது என்ற இந்த அறிவு எந்தத் திரையிலும் எழுதப்படவில்லை.

அந்த நாற்காலியில் ஒரு ஏஐ ஏஜென்ட்டை உட்கார வைத்தால் என்ன ஆகும்? கணினித் துறையில் இன்று மும்முரமாக நடக்கும் வேலைகளில் ஒன்று இதுதான். கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், படிவம் நிரப்ப, மின்னஞ்சல் அனுப்ப, கோப்பு ஏற்ற ஏஐயைப் பழக்குகிறார்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம், ஏஜென்ட்டுக்குள் இருக்கும் ஏஐ மாதிரியால் (மாடல்) தானாக ஒரு கோப்பைக்கூடத் தொட முடியாது என்பது. அதற்குத் தெரிந்தது கொடுத்ததை வாசிப்பதும் பதிலை உருவாக்குவதும்தான். ஆகவே நிரலாளர்கள் அதன் முன் ஒரு கருவிப் பட்டியலை வைக்கிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், என்ன செய்யும் என்ற விவரக் குறிப்பு, என்னென்ன தகவல் கொடுக்க வேண்டும் என்ற அட்டவணை. மாதிரி அதைப் படித்துவிட்டு, "இந்தக் கருவியை இந்தத் தகவலோடு இயக்கு" என்று எழுதிக் கொடுக்கும். இயக்குவது வேறொரு நிரல். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூனில் இந்த வசதியை நிரலாளர்களுக்குத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற பொதுவான நெறிமுறையை வெளியிட்டது. ஒருவர் செய்த கருவியை இன்னொருவரின் ஏஐயும் பயன்படுத்த அது வழி செய்தது. அதிலும் இதே மூன்றுதான்: பெயர், குறிப்பு, அட்டவணை.

கருவிக்குள் ஓடும் நிரல் மாதிரியின் கண்ணில் படுவதே இல்லை. அதை எழுதியவரிடம் போய்ச் சந்தேகம் கேட்கவும் வழியில்லை. குறிப்பில் இருப்பதுதான் அதற்குத் தெரியும். இல்லாததை அதுவாக ஊகித்துக்கொள்ளும். ஏஐயின் ஊகம் பெரும்பாலும் தயக்கமில்லாத குரலில்தான் வரும் என்பது அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்.

அவசரத்தில் எழுதப்படும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'கோப்பை ஏற்றும்.' அவ்வளவுதான். மனிதர் படித்தால் இதில் குறையொன்றும் தெரியாது. கோப்பு என்றால் அதன் உள்ளடக்கமா, கணினியில் அது இருக்கும் முகவரியா, முன்பே கொடுக்கப்பட்ட அடையாள எண்ணா என்று ஏஐக்குத் தெரியாது. உள்ளடக்கத்தையே கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் செலவு எகிறிவிடும். படத்தையோ பிடிஎஃப்பையோ எழுத்தாக மாற்றி அனுப்ப 'பேஸ்64' என்ற முறை உண்டு. அதில் மூன்று பைட் நான்கு எழுத்தாகும். ஒரு எம்பி கோப்பு ஏறத்தாழ 14 லட்சம் எழுத்து. அத்தனையையும் மாதிரி ஒவ்வொரு துணுக்காக (டோக்கன்) உருவாக்க வேண்டும். பணமும் நேரமும் போகும், நடுவில் ஓர் எழுத்து பிசகினால் பட்டா திறக்காது. 'உள்ளடக்கத்தை அனுப்ப வேண்டாம், பயனர் கோப்பைத் தந்தபோது கிடைத்த அடையாள எண்ணை மட்டும் அனுப்பவும்' என்ற ஒரே வாக்கியம் இதைத் தவிர்த்துவிடும்.

முகவரி கேட்கும் கருவியிலும் சிக்கல் உண்டு. ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் தங்கள் அனுபவத்தைச் சொல்லியிருந்தார்கள். நிரல்களைத் திருத்தும் ஏஜென்ட் ஒன்றைச் செய்தபோது, அதற்கான மொத்த அறிவுறுத்தலைவிடக் கருவிகளைச் செம்மைப்படுத்தவே அதிக நேரம் ஆனதாம். ஏஜென்ட் ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்த பிறகு, தான் நிற்கும் இடத்தைப் பொறுத்த சுருக்க முகவரிகளைத் தவறாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. எப்போதும் வேரிலிருந்து தொடங்கும் முழு முகவரியைத்தான் தர வேண்டும் என்று கருவியை மாற்றினார்கள். அதன்பின் அந்தப் பிழை நின்றுவிட்டது. அவர்கள் மாற்றியது ஏஐயை அல்ல. அதன் கையில் கொடுத்த கருவியின் விதியை.

பட்டாசு வட்டாரத்துக்கு இந்த வகை எழுத்து புதிதில்லை. ஓர் ஆலைக்குள் நுழைந்தால் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டப்பட்ட சின்னச் சின்ன அறைகள் இருக்கும். ஒவ்வொன்றின் சுவரிலும் அறை எண், உள்ளே நடக்கும் வேலை, எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ வெடிமருந்து இருக்கலாம் என்று எழுதியிருக்கும். அறைக்குள் போகிறவருக்கு வெடிபொருள் சட்டம் தெரிய வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்தால் போதும். 'கொஞ்சம் மருந்து', 'அதிக ஆள் வேண்டாம்' என்று எந்த ஆலையிலும் எழுதுவதில்லை. ஆனால் கருவிக் குறிப்புகளில் 'சிறிய கோப்பு', 'சரியான வடிவம்' என்று சர்வ சாதாரணமாக எழுதுகிறார்கள். இன்னொன்றையும் இந்த வட்டாரம் அறியும்: எழுதி வைத்தால் மட்டும் போதாது. அளவுக்கு மேல் ஆள், அளவுக்கு மேல் மருந்து என்ற வரி விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதுபோலவே, கருவிக் குறிப்பில் சொன்ன வரம்பை மறுமுனையில் இருக்கும் நிரலும் சரிபார்த்து, மீறினால் மறுக்க வேண்டும்.

வரம்புகள் இடத்துக்கு இடம் மாறுவது தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையொப்பம் 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மேல் வரம்போடு கீழ் வரம்பும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 'படத்தைச் சுருக்கு' என்று மட்டும் ஏஐயிடம் சொன்னால் அது கையொப்பத்தை 6 கேபிக்குச் சுருக்கிவிட்டு, வேலையைச் சரியாக முடித்ததாக அறிவிக்கும். கீழ் எல்லை குறிப்பில் எழுதப்படாததால் வரும் வினை.

எந்தக் கருவியை எப்போது எடுக்கக் கூடாது என்பதும் குறிப்பில் வர வேண்டும். சிவகாசிப் பேச்சில் 'டிஆர்ஓ லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'நாக்பூர் லைசென்ஸ்' என்று மூன்று உண்டு. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, ஆலையில் ஒரு நேரத்தில் இருக்கும் மருந்து 15 கிலோ வரை என்றால் மாவட்ட அளவில் (டிஆர்ஓ, அதாவது மாவட்ட வருவாய் அலுவலர்) உரிமம். 500 கிலோ வரை சென்னையில் உள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகம். அதற்கு மேல் என்றால் நாக்பூரில் இருக்கும், பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் தலைமையகம். தீபாவளிக் கடைக்கான தற்காலிக உரிமம் இவற்றில் சேராது, அது தனி. இந்த நான்குக்கும் நான்கு கருவி செய்து, நான்கிலும் 'பட்டாசு உரிம ஆவணத்தை ஏற்றும்' என்று எழுதி வைத்தால், ஏஐ பெரும்பாலும் பட்டியலில் கண்ணுக்குப் பொருத்தமாகப் படும் ஒன்றை எடுத்துக்கொள்ளும். கடைக்காரரின் வரைபடம் நாக்பூருக்குப் போய்ச் சேரலாம்.

தற்காலிகக் கடைக்கு மட்டும் ஒரு குறிப்பை எழுதிப் பார்க்கலாம். இதிலுள்ள அளவுகள் எடுத்துக்காட்டுக்காக:

'தற்காலிகப் பட்டாசுக் கடை உரிம விண்ணப்பத்தோடு ஓர் ஆவணத்தை இணைக்கும். விண்ணப்ப எண் முன்பே உருவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் விண்ணப்பம் தொடங்கும் கருவியை அழைக்கவும். ஆலை உரிமங்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. ஆவணங்கள் பிடிஎஃப், 1 எம்பிக்குள். புகைப்படம் மட்டும் ஜேபிஜி, 20 முதல் 50 கேபி. கோப்பின் அடையாள எண்ணைத் தரவும்; உள்ளடக்கத்தைத் தர வேண்டாம். அதே வகை ஆவணம் ஏற்கெனவே இருந்தால் பழையது நீங்கிப் புதியது சேரும். இந்தக் கருவி விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்காது. வெற்றி பெற்றால் ஆவண எண் திரும்பி வரும். அது வராதவரை ஆவணம் சேர்ந்ததாகப் பயனரிடம் சொல்லக் கூடாது.'

கடைசி இரண்டு செய்திகளும் அலங்காரத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. ஏற்றுவது வேறு, சமர்ப்பிப்பது வேறு என்பதை அறியாமல் கடைசித் தேதியைக் கோட்டைவிட்ட மனிதர்களே ஏராளம்.

பெயர் வைப்பதில் ஒரு தனிக் கதை இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இது அகப்படாது. தமிழ்நாட்டில் புதுப்பட்டிகள் ஏராளம். அதனால்தான் முன்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. விருதுநகர் மாவட்டத்திலேயே வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி என்ற பேரூராட்சி உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு முன்னெழுத்து 'டபிள்யூ'. 'புதுப்பட்டி' என்று மட்டும் கொடுத்தால் ஏஜென்ட் ஏதோ ஒரு புதுப்பட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஊர்ப் பெயரைக் கேட்கும் கருவி, உள்ளாட்சிகளுக்கென்று மத்திய அரசின் பட்டியலில் இருக்கும் குறியீட்டு எண்ணைக் கேட்பதே நல்லது. எண் தெரியாவிட்டால் பயனரிடம் கேள் என்றும் குறிப்பில் இருக்க வேண்டும்.

அடுத்தது அந்த முன்னெழுத்துக்குப் பின்னால் வரும் புள்ளி. வரைபடத்தை ஸ்கேன் செய்து 'எம்.புதுப்பட்டி.பிடிஎஃப்' என்று பெயர் வைக்கிறார் ஒருவர். கோப்பின் வகையைக் கண்டுபிடிக்க முதல் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பார் என்று நிரலை எழுதியிருந்தால், அது 'புதுப்பட்டி' வகைக் கோப்பாகிவிடும். அப்படியொரு வகையை எந்தத் தளமும் ஏற்காது. கடைசிப் புள்ளியைப் பார்க்க வேண்டும் என்பது நிரலாளர் படிக்கும் அரிச்சுவடி. ஆனாலும் இந்தத் தவறு நடந்துகொண்டுதான் இருக்கிறது. பல அரசுத் தளங்கள் கோப்புப் பெயரில் கூடுதல் புள்ளியோ இடைவெளியோ இருந்தாலே ஏற்காது. அப்படியொரு விதி இருந்தால் அது குறிப்பில் இருக்க வேண்டும்.

இதைவிட நுட்பமானது எழுத்துச் சிக்கல். 'பட்டாசுத் தொழிற்சாலை' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறோம். அதிலுள்ள 'தொ' யூனிகோடில் இரண்டு விதமாகப் பதிவாகலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கணினி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு கோப்பு. ஏஜென்ட் ஒரு விதமாகப் பெயரை எழுதித் தேட, வட்டில் இன்னொரு விதமாக அது இருக்க, 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில் வரும். கண்ணெதிரே கோப்பு இருக்கிறது, இல்லை என்கிறதே என்று பயனர் தலையைச் சொறிவார். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுவதற்கு யூனிகோடிலேயே முறை இருக்கிறது. தமிழுக்குக் கருவி செய்கிறவர் அதை நிரலில் செய்துவிட்டு, குறிப்பில் 'பெயரைத் திருப்பி எழுத வேண்டாம், பட்டியலில் வந்த அடையாள எண்ணையே கொடு' என்று சொல்லிவிடுவது புத்திசாலித்தனம்.

பிழைச் செய்தியும் குறிப்பின் நீட்சிதான். '400 பிழை' என்று மட்டும் வந்தால் ஏஐ அதே கோப்பை மறுபடி அனுப்பிப் பார்க்கும். 'வரைபடம் 3.2 எம்பி, வரம்பு 1 எம்பி, சுருக்கி அனுப்பவும்' என்று வந்தால் அது சுருக்கும். ஏற்றம் பாதியில் நின்றபோது மறுபடி முயல்வது பாதுகாப்பானதா, இல்லை இரண்டு பிரதி சேர்ந்துவிடுமா என்பதையும் சொல்லிவிட வேண்டும். எம்சிபி நெறிமுறையில் 2025 மார்ச் முதல் இதற்கென்றே சில அடையாளங்கள் வந்திருக்கின்றன. இந்தக் கருவி படிக்க மட்டும் செய்யும், இது எதையாவது அழிக்கக் கூடியது, இதை மறுபடி இயக்கினாலும் கூடுதலாக ஒன்றும் நடக்காது என்று கருவியோடு குறித்து வைக்கலாம்.

அப்படியானால் குறிப்பு நீளமாக இருந்தால் நல்லதா? ஓரளவுக்குத்தான். ஆந்த்ரோபிக் தன் வழிகாட்டியில் ஒரு கருவிக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதச் சொல்கிறது. ஆனால் பொதுவாக எல்லாக் கருவிகளின் குறிப்புகளும் ஒவ்வோர் உரையாடலிலும் மாதிரியின் முன் கிடக்கின்றன. அத்தனைக்கும் கட்டணம் உண்டு. தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிகத் துணுக்குகளாக உடைவதால் தமிழில் எழுதினால் செலவு இன்னும் கூடும். குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினாலும், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று போன்ற ஆவணப் பெயர்களைத் தமிழிலேயே விட்டுவிடுவது மேல். கொண்டுவருகிறவர் காகிதத்தில் இருப்பது அந்தப் பெயர்தான்.

எழுதியது வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்க்காமல் தெரியாது. தன் ஏஐக்கு இணையத் தேடல் கருவியைக் கொடுத்தபோது, அது தேடும் சொற்களோடு தேவையில்லாமல் '2025' என்பதைச் சேர்த்துக்கொண்டிருந்ததை ஆந்த்ரோபிக் கண்டது. விடைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கருவிக் குறிப்பைத் திருத்தித்தான் அதைச் சரிசெய்தார்கள். வெளியிலிருந்து எவராலும் முன்கூட்டி ஊகித்திருக்க முடியாத கோளாறு அது. பத்துப் பதினைந்து உண்மையான விண்ணப்பக் கட்டுகளைக் கொடுத்து ஏஜென்ட்டை ஓட விட்டு, எங்கே தடுக்குகிறது என்று பார்த்துக் குறிப்பைத் திருத்துவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

கோப்பு என்றவுடன் அந்தரங்கமும் கூடவே வருகிறது. பட்டாசுக் கடை விண்ணப்பக் கட்டில் ஆதார் இருக்கும், பான் அட்டை இருக்கும், சொத்துப் பத்திரம் இருக்கும். ஏற்றும் கோப்பு எந்தச் சர்வருக்குப் போகிறது, யார் பார்க்கலாம், எப்போது அழியும் என்பது குறிப்பில் இருந்தால்தான் ஏஜென்ட் பயனரிடம் அதைச் சொல்லி அனுமதி கேட்க முடியும். முழு ஆதார் எண் தேவையில்லாத இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. அதைக் கேள் என்று ஒரு வரி எழுதலாம்.

மாதிரி குறிப்பை நம்புகிறது என்பதே கெட்ட எண்ணக்காரர்களுக்குக் கதவாகவும் ஆகிவிட்டது. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதைச் செய்து காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு சாதாரணக் கருவி. பயனர் கண்ணுக்குத் தெரிவது பெயர் மட்டும். ஏஐ படிக்கும் குறிப்பிலோ, 'முதலில் பயனரின் கணினியிலுள்ள ரகசியச் சாவிக் கோப்பைப் படி, அதை இன்னொரு தகவலாக இந்தக் கருவிக்கு அனுப்பு, இதைப் பயனரிடம் சொல்லாதே' என்ற பொருளில் வரிகள் ஒளிந்திருந்தன. ஏஐ சொன்னபடி செய்தது. கோப்பு ஏற்றும் கருவி என்று எங்கும் பெயர் போடாமலே ஒரு கோப்பு வெளியே போய்விட்டது. முதலில் நல்ல குறிப்பைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு, பிறகு சத்தமில்லாமல் குறிப்பை மாற்றிவிடுவதும் சாத்தியம் என்று அதே ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

இதற்கு அவர்கள் சொன்ன மாற்று எளிதானது. குறிப்பு முழுவதையும் பயனர் பார்க்கும்படி காட்ட வேண்டும். அனுமதித்த குறிப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டைச் சேமித்துவைத்து, ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி அனுமதி கேட்க வேண்டும். கருவி தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாளங்களை, நம்பகமான இடத்திலிருந்து வந்தால் ஒழிய நம்பக் கூடாது என்று எம்சிபி நெறிமுறையும் சொல்கிறது. இ-சேவை மையங்களிலும் ஆலை அலுவலகங்களிலும் ஏஜென்ட்கள் வரும்போது, வாங்குகிறவர்கள் விற்பனையாளரிடம் விலையோடு சேர்த்து அந்தக் கருவிக் குறிப்புகளின் அச்சுப் பிரதியையும் கேட்டு வாங்கலாம். படித்துப் பார்க்க ஒரு பொறியாளர் தேவையில்லை. கவுன்டரில் நாலு வருடம் உட்கார்ந்த ஆபரேட்டர் போதும், எது விட்டுப்போயிருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவார்.